கணக்கில் ஏறாத அரிசி

பாயசம் என்று கரும்பலகையில் எழுதினால், பிள்ளைகளுள் ஒருவராவது எழுந்து, "ஐயா, ஒரு கால் விடுபட்டுவிட்டது" என்று சொல்வதுண்டு. அவர்கள் வீட்டில் அது பாயாசம். கடையில் விற்கும் காகிதப் பெட்டியிலும் பாயாசந்தான். வடமொழியிலே பயஸ் என்பது பாலைக் குறிக்கும். பாலால் ஆயது பாயசம். நடுவே நெடில் புகுவதற்கு நியாயம் யாதுமில்லை. எனினும் இனிய பண்டம் ஒன்றின் பெயரை நாக்குச் சற்றே நீட்டிச் சொல்ல விரும்புவது பெருங்குற்றமன்று. விடைத்தாளில் அந்தக் காலுக்கு நான் புள்ளி குறைப்பதில்லை.

தமிழ்ப் பெயர் வேண்டுவார்க்கும் குறைவில்லை. பாற்சோறு என்பது ஒன்று. அக்காரவடிசில் என்பது மற்றொன்று. அக்காரம் சர்க்கரை, அடிசில் சோறு, இடையில் நிற்கும் வகரம் உடம்படுமெய். நாச்சியார் திருமொழியிலே ஆண்டாள் திருமாலிருஞ்சோலை அழகர்க்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் நேர்ந்துகொள்கிறாள். திருப்பாவையின் இருபத்தேழாம் பாசுரத்தில், நோன்பு முடித்த பெண்கள் பாற்சோறு உண்ணுகையில் நெய் முழங்கைவரை ஒழுகுகின்றது. நூறு தடா நேர்ந்த பெண் அதனைப் படைத்தாளா என்னும் கேள்வி பின்வந்தோரை விடவில்லை. அந்தக் கடனை இராமாநுசர் வந்து தீர்த்தார் என்றும், அதனால் ஆண்டாள் அவரை அண்ணன் என்று அழைத்தாள் என்றும் வைணவ மரபு கூறும். அடிசிலோடு கடன் என்னும் சொல்லும் கூடவே வருவதை வாசகர் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன்.

நிகண்டு நூல்கள் சோற்றுக்கு அடிசில், அயினி, மிதவை, மூரல், சொன்றி, பொம்மல் என்று பெயர்களை அடுக்கிச் செல்லும். வயலையும் களத்தையும் நாள்தோறும் கண்ட மக்கள் இட்ட பெயர்கள் அவை. நான் சொல்லப் புகுந்ததோ, வயலே இல்லாத ஓர் ஊருக்கு வந்த பின்னர் அந்த அடிசில் எய்திய கதையை.

வட்டவளையைக் கடந்து ஹட்டனை நோக்கி ஏறும் புகைவண்டிப் பாதையிலே றொசல்ல என்னும் சிறு நிலையம் இருக்கிறது. அங்கே இறங்கி நாற்புறமும் நோக்குவார்க்கு மலைமுகடுவரை தேயிலையே தோன்றும். இலங்கையில் மிகுந்த மழை பெறும் இடங்களுள் வட்டவளைப் பகுதியும் ஒன்று. நீருக்குக் குறைவில்லை, நீரைத் தேக்கி நெல் வளர்ப்பதற்குத் தோட்டத்து எல்லைக்குள் ஒரு பாத்தியளவு சமநிலமும் இல்லை. நான்கைந்து தலைமுறையாக இங்கு வாழும் மக்கள், தாம் உழைத்த மண்ணில் விளைந்த ஒரு நெல்மணியை உண்டவரல்லர். தைப்பொங்கலன்று புத்தரிசி இடவேண்டும் என்று நூல்கள் கூறும். எங்கள் ஊரிலே புத்தரிசி ஆவது, புதிதாகக் கடையில் வாங்கிய அரிசி.

திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை முதலிய இடங்களிலிருந்து கங்காணிமார் பின்னே கடல் கடந்து, மன்னாரிலிருந்து காட்டுவழியே நடந்து மலையேறியவர்கள் இவர்தம் முன்னோர். முதலிற் கோப்பி, 1869இல் இலைநோய் கண்டு அது அழியத் தொடங்கியபின் தேயிலை. பயிர் மாறிற்றேயன்றிக் கணக்கு மாறவில்லை. வழிச்செலவு கடன், குளிருக்குக் கொடுத்த கம்பளி கடன், உண்ட அரிசியும் கடன். தோட்டத்தில் அரிசி போடும் நாள் என ஒன்று உண்டு. போட்ட அரிசியின் விலை சம்பளத்திற் கழியும். ஒருவர் வேறு தோட்டம் போக விரும்பினால், இன்னாருடைய பற்று இவ்வளவு, அதனைத் தீர்ப்பவர்க்கு ஆளை விடுவோம் என்று எழுதிய சீட்டொன்று தரப்படும். அதற்குத் துண்டு என்று பெயர். துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிந்தது. குறைந்தபட்ச வேதனத்தை வகுத்த 1927ஆம் ஆண்டின் சட்டமும் அரிசியை மறக்கவில்லை. இவ்வளவு காசு என்று கூறியதோடு, தோட்டம் கொடுக்கும் அரிசியின் விலைக்கும் வரம்பு கட்டிற்று. சோறு உலையில் ஏறுவதற்கு முன்னரே ஏட்டில் ஏறியிருந்தது.

மலையாள நாட்டு அம்பலப்புழைக் கண்ணன் கோயிற் பாற்பாயசம் பேர்போனது. அதற்கு ஒரு கதை உண்டு. சதுரங்கத்திற் பெருவிருப்புடைய அரசனிடம் முனிவர் ஒருவர் வந்து ஆடி வென்றார். முதற் கட்டத்துக்கு ஓர் அரிசி, இரண்டாங் கட்டத்துக்கு இரண்டு, மூன்றாவதற்கு நான்கு என்று இரட்டித்து 64 கட்டங்களுக்கும் அரிசி தருக என்றார். அரசன் நகைத்து உடன்பட்டான். கூட்டிப் பார்த்தால் 18,446,744,073,709,551,615 மணிகள். நாட்டுக் களஞ்சியம் அனைத்தையும் கொட்டினாலும் ஆகாத தொகை. முனிவராய் வந்தவன் கண்ணன். "கடனைச் சிறுகச் சிறுகப் பாயசமாகத் தந்து தீர்ப்பாயாக" என்று அவன் அருளினானாம். நாள்தோறும் அங்கே பாயசம் வழங்கும் காரணம் அதுவென்பர். வகுப்பில் இதனைச் சொல்லி முடித்தபோது, கொழுந்து பறிப்பவர் மகள் ஒருத்தி எழுந்தாள். "ஐயா, ராசாவுக்குத் தவணை குடுத்தாங்க, எங்க பாட்டனுக்கு ஏன் குடுக்கல?" என்றாள். அடுத்த வகுப்பிலிருந்த கணித ஆசிரியரைக் கேட்கும்படி சொல்லித் தப்பினேன்.

இனி, கணக்கில் ஏறாத அரிசியைப் பற்றிச் சொல்கிறேன். என் அப்பாயி நாள்தோறும் உலைக்கு அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை மீள எடுத்துத் தகரப்பேணி ஒன்றில் இடுவார். பிடியரிசி என்பது அதன் பெயர். கோயிலுக்கென்றும் மடத்துக்கென்றும் பிடியரிசி எடுத்த வழக்கம் தமிழ்நாட்டில் உண்டு; அப்பாயியின் பேணியோ பாயசத்துக்கு உரியது. வீட்டில் அரிசி தீர்ந்த நாளிலும் அதிற் கை வைக்க விடமாட்டார். பக்கத்துக் காம்பராவிற் கடன் வாங்கிச் சோறாக்குவார், பேணியைத் திறவார். ஒருநாள் பசியோடு நான் அதனைச் சுட்டிக் கேட்டேன். "கடன் வாங்கிச் சோறு திங்கலாம் சாமி, கடன் வாங்கிப் பாயசம் வைக்கக் கூடாது" என்றார். அந்நாளில் அது மூட வழக்கம் என்று எனக்குத் தோன்றிற்று. தோட்டத்துப் பற்றேடு என்ன என்பதைப் பின்னாளிற் படித்தறிந்தபோதே அச்சொல்லின் பொருள் விளங்கிற்று. கடனரிசியில் வைத்த பாயசம் கங்காணியின் பாயசம்; துரையின் பாயசம். ஒருவன் தன் பிள்ளைக்குப் பேர்வைக்கும் நாளிலாவது தன் அரிசியைத் தான் கொடுக்க வேண்டாவா? தீபாவளிக்குத் தோட்டம் கொடுக்கும் காசுக்கும் முற்பணம் என்றுதான் பெயர். மாதந்தோறும் அது கழியும். கலியாண வீட்டு மொய்யும் ஏட்டில் எழுதப்படும். எழுதியது திரும்பச் செய்யப்படவும் வேண்டும். பாயசம் குடித்தவர் பெயரை எழுதி வைத்த வீடு ஒன்றை நான் இன்னும் காணவில்லை.

லயத்தில் இதனை மறைத்துச் சமைத்தலும் இயலாது. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராக்கள், ஒரே கூரை, கூரைவரை எட்டாத இடைச்சுவர். ஏலக்காய் ஒரு காம்பராவிற் பொடிபட்டால் கடைசிக் காம்பராக் குழந்தை எழுந்து உட்காரும். ஆகவே பாயசம் வைப்பது என்றால் லயம் முழுமைக்கும் வைப்பது என்பதே பொருள். தயரதன் வேள்வியில் எழுந்ததை வான்மீகி பாயசம் என்றார். கம்பர் பிண்டம் என்றார். பெயர் எதுவாயினும் அங்கே கதையை நடத்துவது பங்கீடே. மூவர்க்கும் கொடுத்து எஞ்சியதைச் சுமித்திரைக்கே மீண்டும் கொடுத்தமையால் அன்றோ இலக்குவனோடு சத்துருக்கனனும் பிறந்தான்? எங்கள் லயத்தில் அகப்பை பிடித்தவர்க்கும் அந்தச் சங்கடம் இருந்தது. அடியில் எஞ்சியது யாருக்கு என்பதில் மனத்தாங்கல் வந்த வீடுகளும் உண்டு.

செய்முறையைச் சொல்லாமல் விட்டால் வாசகர் என்னை மன்னியார். ஒரு சுண்டு பச்சரிசிக்கு எட்டுச் சுண்டு பால் என்பது அப்பாயியின் அளவு. அரிசியைக் களைந்து உலர்த்தி, நெய்யில் மணம் வரும்வரை வறுத்து, உரலில் இட்டு இரண்டாக உடையும் அளவுக்கு ஓரிரு குத்துக் குத்த வேண்டும். முதலில் நீரில் வேகவைத்தல் வேண்டும், பாலில் அன்று. இது மலையில் வாழ்வோர் அறியவேண்டிய நுட்பம். ஹட்டன் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4,100 அடி உயரம். நூறு பாகையிற் கொதிக்க வேண்டிய நீர் இங்கே ஏறத்தாழ 96 பாகையிலேயே கொதித்துவிடும். கொதி முந்தும், வேக்காடு பிந்தும். சமவெளியில் வேகும் நேரத்தை நம்பிப் பாலை ஊற்றினால் பால் பொங்கி வழியும், அரிசி நடுவில் விறைத்து நிற்கும். மணியை இரு விரலால் நசுக்கினால் மாவாக வேண்டும். அதன் பின்னரே பால். பால் பாதியாகக் குறுகுமட்டும் சிறுதீ. அடுப்பில் எரிவது கவ்வாத்து மலையிலிருந்து சுமந்துவந்த மிலாறு. மழைக்காலத்து ஈரமிலாறு தீயைவிடப் புகையையே மிகுதியாகத் தரும். பாயசத்தில் அப்புகை சற்று ஏறியிருக்கும். நகரத்தில் நான் உண்ட எந்தப் பாயசத்திலும் அந்த மணம் இல்லாமையை ஒரு குறையாகவே கண்டேன்.

சர்க்கரையைத் தனியே நீரிற் கரைத்து மண் போக வடித்து, பானையை இறக்கி ஆறவிட்டபின் சேர்க்க வேண்டும். கொதிக்கும் பாலில் இட்டால் பால் திரிந்துவிடும். பசுப்பால் கிடையாதபோது தேங்காய்ப்பால். இரண்டாம் பாலில் அரிசி வேகும், முதற்பால் கடைசியில். ஊற்றியபின் கொதிக்கவிடுதல் ஆகாது. ஒரு துளி உப்பு. ஏலக்காய். முந்திரிகை ஹட்டன் கடைத்தெருவைப் பொறுத்தது, இல்லாவிடினும் குறையில்லை. இன்று பெரும்பாலான வீடுகளில் சவ்வரிசியும் சேமியாவுமே பாயசமாகின்றன. சவ்வரிசி என்பது மரவள்ளிக் கிழங்கின் மா. பெயரில் மட்டுமே அரிசி. விரைவில் முடியும், விலையும் தாழ்வு. அதனைப் பழிக்க மனமில்லை. பாயசம் என்று அழைக்கவும் மனம் ஒருப்படவில்லை.

கருப்பட்டி வந்த வழியும் சொல்லத்தக்கது. தோட்டத்துக்குக் கீழேயுள்ள சிங்களக் கிராமத்திலிருந்து முதியவர் ஒருவர், வாழைச் சருகிற் பொதிந்த கித்துள் கருப்பட்டியோடு மலையேறி வருவார். அவர்கள் வீட்டிலும் புத்தாண்டன்று முதலில் அடுப்பேறுவது பாற்சோறே. கிரி என்றால் பால், பத் என்றால் சோறு. கிரிபத் என்பது பாற்சோறு என்பதன் நேர்ச்சொல். சித்தார்த்தர் ஞானம் பெறுமுன் சுஜாதை படைத்த பாலடிசிலை அவர்கள் நினைப்பர். நம்மவர் ஆண்டாளை நினைப்பர். சித்திரை முதல்நாள் இருவர்க்கும் ஒன்றே. அந்த முதியவர்க்கு அப்பாயி கொடுத்தது காசு சிறிது, பாயசம் ஒரு செம்பு. அவர் மறுவாரம் செம்பைத் திருப்பித் தரும்போது அதனுள் இரண்டு கொறுக்காய் இருக்கும். இந்தக் கொடுக்கல் வாங்கலையும் எவரும் எழுதி வைத்ததில்லை.

பேணி வெறுமையான காலமும் வந்தது. 1973, 1974ஆம் ஆண்டுகளில் உணவுப் பங்கீடு குறைக்கப்பட்டது. அரிசியை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டு செல்லத் தடை வந்தது. வழியிலே சாவடி அமைத்துப் பைகளைச் சோதித்தனர். கிராமத்தாரிடம் ஒரு துண்டு நிலமாவது இருந்தது. தோட்டத்தாரிடம் அதுவும் இல்லை. தோட்டங்களில் இறப்பு வீதம் உயர்ந்த ஆண்டு 1974. அப்பொழுது நான் கைக்குழந்தைப் பருவத்தைத் தாண்டாதவன். அம்மா சொல்லக் கேட்டதே. என் தங்கைக்குப் பேர்வைத்த நாளில், மரவள்ளிக் கிழங்கைத் துருவிப் பிழிந்து, இருந்த கருப்பட்டித் துண்டைக் கரைத்துக் காய்ச்சி, ஆளுக்கு ஓர் அகப்பை ஊற்றினார்களாம். அப்பாயி அதனைப் பாயசம் என்று சொல்லவில்லை. "இன்னிக்குக் கஞ்சி; பாயசம் பிறகு" என்று ஒவ்வொரு காம்பராவாகச் சென்று சொல்லிவந்தாராம். ஓராண்டு கழித்து, தங்கையின் முதற் பிறந்தநாளில், அந்தப் பாயசம் வைக்கப்பட்டது. லயத்திற் சில காம்பராக்களில் அதனைக் குடிக்க ஆள் குறைந்திருந்தது.

1964 அக்டோபரில் இரு நாட்டுத் தலைவர்கள் செய்த ஒப்பந்தம் மக்களையும் அளந்து பங்கிட்டது. இந்தியாவுக்கு 525,000 பேர், இலங்கைக்கு 300,000 பேர், எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு என்பது கணக்கு. சுமித்திரைக்கு வந்த எச்சம் வேறு, இந்த எச்சம் வேறு. என் அத்தை குடும்பம் முதற் பங்கில் அகப்பட்டது. 1982இல் அவர்கள் புறப்படுவதற்கு முதல்நாள், வீட்டில் எஞ்சிய அரிசி முழுவதையும் அத்தை பாயசமாக்கினார். பிடியரிசிப் பேணியையும் கவிழ்த்தார். மாமா, "வழிக்குக் கொஞ்சம் சோறு கட்டு" என்றார். "வழியில கடன் வாங்கித் தின்போம், இந்த லயத்துக்குக் கொடுக்க நாளைக்கு நான் இருக்கமாட்டேன்" என்றார் அத்தை. மறுநாள் அழுகைக் கோச்சி என்று பெயர் பெற்ற அந்தப் புகைவண்டி ஹட்டனிலிருந்து தலைமன்னாருக்குப் போயிற்று. அங்கிருந்து இராமேசுவரத்துக்குக் கப்பல். நீலகிரியிற் கோத்தகிரிப் பக்கம் அவர்களுக்கு வேலை கிடைத்தது. அங்கும் தேயிலைதான், அங்கும் நெல் இல்லை. பொங்கலுக்குப் பாயசம் வைத்ததாகவும், பக்கத்து வீட்டார் அதற்குரிய காசை எவ்வளவு என்று வினவியதாகவும் அத்தை எழுதிய கடிதம் ஒன்று என்னிடம் இருக்கிறது. இடைச்சுவர் கூரைவரை எழும்பிய வீடுகள் போலும்.

இத்தனையும் பழங்கதை என்று எண்ணியிருந்தேன். 2022ஆம் ஆண்டு அவ்வெண்ணத்தை மாற்றிற்று. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் ஆயிரம் ரூபா என 2021 மார்ச்சில் நிர்ணயிக்கப்பட்டிருந்தது. அடுத்த மார்ச்சில் 400 கிராம் பால்மாப் பொதி ஒன்று 790 ரூபா. முந்திய ஆண்டில் இரசாயன உரத்தை ஒரே நாளில் தடுத்ததன் பயனாக நெல் விளைச்சல் வீழ்ந்து, அரிசி விலை மாதத்துக்கு மாதம் ஏறிக்கொண்டிருந்தது. அவ்வேளையில் றொசல்லப் பகுதித் தோட்டமொன்றில் என்னிடம் படித்த ஒருவன் தன் பெண்குழந்தைக்குப் பேர்வைக்க என்னை அழைத்தான். பெயர் தேடித் தருமாறு கேட்டிருந்தான். நான் சென்றபோது வீட்டில் வழக்கு நடந்துகொண்டிருந்தது. இஞ்சிப் பிஸ்கட்டும் தேநீரும் போதும் என்பது அவன் கட்சி. கடையிற் பற்று எழுதிச் சேமியா வாங்கலாம் என்பது மனைவியின் கட்சி. மூலையில் இருந்த அவன் அப்பாயி இரண்டுக்கும் தலையசைக்கவில்லை. மருமகள் முழுகாமல் இருக்கிறாள் என்று அறிந்த நாள்முதல் தாம் சேர்த்த பிடியரிசியைச் சுளகிற் கொட்டினார். ஏறத்தாழ மூன்று கொத்து. "வாத்தியாரய்யா, பேரை நீங்க வைங்க, பாயசத்த நான் வைக்கிறேன்" என்றார்.

அத்தனையும் புழுங்கல் நாட்டரிசி. பாயசத்துக்கு ஏற்றதன்று என்று எனக்குத் தெரியும். அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். உரலிற் குத்தி நொய்யாக்கினார். மேல்லயத்தில் மாடு வைத்திருந்தவர் அன்று காலைப் பாலைச் சேகரிப்பு வண்டிக்கு ஊற்றாமல் இங்கே கொண்டுவந்து வைத்தார். அன்றைய வரவு அவர்க்கு அவ்வளவில் இல்லை. சீனி பாதி, கித்துள் பாதி. முந்திரிகை இல்லை. நொய் பாலோடு இழையாமல் தனித்து நின்றது, இனிப்பும் குறைவு. அப்பாயியின் கைப்பக்குவத்தோடு ஒப்பிட்டால் அது நல்ல பாயசமன்று. இரண்டு லயம், இருபது காம்பரா. தேநீர்க் கோப்பையில் அரைக் கோப்பை வீதம் எல்லார்க்கும் சென்றது. படுக்கையிற் கிடந்த ஒருவர்க்குச் சிறுவன் ஒருவன் தனியே கொண்டுபோனான். பால் கொடுத்தவரின் வாளி கழுவப்படாமல், அடியில் இரண்டகப்பைப் பாயசத்தோடு மேல்லயத்துக்குத் திரும்பிற்று.

குழந்தைக்குக் கோதை என்று பெயர் வைத்தோம். நான் விடைபெறும்போது கிழவியார் வெறும் பேணியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, இரவுச் சோற்றுக்கு அரிசி அளந்துகொண்டிருந்தார். அளந்து முடித்து ஒரு பிடியை மீள எடுத்தார். "இது யாருக்கு, ஆயா?" என்றேன்.

"பெரியவளுக்குக் காது குத்தணும்" என்றார்.